இரண்டாவது சுருட்டு

லிசார்தோ தமானியின் வீட்டுத் தூணில் தளிர் விட்டிருந்தது.

நட்டு நாற்பது நாளான தூண் அது. பட்டையை உரித்து, வாச்சியால் செதுக்கி, அடிப்பக்கத்தைத் தீயில் கருக்கித்தான் குழியில் இறக்கியிருந்தார்கள். ஓலைக்கூரைக்குக் கீழே நிற்பதால் மழைத்துளிகூட அதன்மேல் பட்டதில்லை. அதில் இடுப்பு உயரத்தில், விரல் நீளத்துக்கு, ஈரச் சிவப்பில் ஒரு தளிர். காபிக்கு அடுப்பு மூட்ட வந்த லிசார்தோ அதைக் கிள்ளி எறிந்தான். எறிந்த பிறகு விரலை மோந்து பார்த்தான். பச்சை மரத்தின் வாடைக்கு அடியில் மெல்லிதாகப் புகையிலை வாடை வீசியது. நேற்றுக் குடித்த சுருட்டாக இருக்கும் என்று கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை ஒதீலியா வருகிறாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. பிரசவத்துக்காக நவுத்தாவில் அக்கா வீட்டுக்குப் போனவள், குழந்தை பிறந்து இருபது நாளாகியும் இன்னும் அங்கேயே இருக்கிறாள். மூக்கு அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறது என்று படகுக்காரனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த மூக்கைப் பார்க்கத்தான் லிசார்தோ நாளை எண்ணிக்கொண்டிருந்தான். இந்தப் புது வீடே அந்த மூக்குக்காகத்தான்.

கூரை வேய்ந்துகொடுத்த ஹிலாரியோ, தளிர் கிள்ளிய இடத்தைக் குனிந்து பார்த்தான். ஊரில் இருக்கும் ஒரே தச்சன் அவன்தான். லிசார்தோவுக்குக் கல்யாணத் தோழனாக நின்றவனும் அவனே. அந்த உரிமையில் கும்பா என்றுதான் கூப்பிடுவான்.

"எந்த நிலாவுல வெட்டின, கும்பா?"

"நான் மரத்தப் பாத்து வெட்டினேன். நிலாவப் பாக்கல."

ஹிலாரியோ சிரிக்கவில்லை. வளர்பிறையைப் பச்சை நிலா என்பார்கள் அங்கே. பச்சை நிலாவில் மரமெல்லாம் உச்சிவரை நீர் ஏறி நிற்கும். அப்போது வெட்டினால் மரம் தான் வெட்டுப்பட்டதையே அறியாது. மரான்யோன் ஆற்றங்கரையில் நடக்கத் தெரிந்த எவனும் பச்சை நிலாவில் வீட்டுக்கு மரம் வெட்டமாட்டான். ஊர்த்தலைவனான லிசார்தோ வெட்டினான். தேய்பிறைக்காகக் காத்திருந்தால், தலைவர் அந்த மரத்தைத் தொடப் பயப்படுகிறார் என்று ஊர் வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கும்.

அந்த மரம் தங்கரானா. தங்கரானாவைப் பற்றி அங்கே யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. குழந்தைகூட அதில் சாயாது. அடிமுதல் கிளை நுனிவரை உள்ளே பொந்தாக இருக்கும். அந்தப் பொந்துக்குள் சிவப்பெறும்பு குடியிருக்கும். மரம் எறும்புக்கு வீடு கொடுக்கிறது. எறும்பு மரத்துக்குக் காவல் இருக்கிறது. கொடி ஏறினால் கடித்துத் துண்டாக்கும், பக்கத்தில் ஒரு விதை முளைத்தால் குருத்தைத் தின்று போடும். மரத்தைச் சுற்றி நாலு எட்டுத் தூரம் பெருக்கிவிட்ட வாசல்போல மொட்டையாகக் கிடக்கும். தொடாதவரை ஓர் எறும்புகூடக் கண்ணில் படாது. தொட்டால் ஒவ்வோர் ஓட்டையிலிருந்தும் வந்து கொட்டும்.

போலீஸைப் பார்க்க வேண்டுமென்றால் படகில் ஒன்றரை நாள் போகவேண்டிய ஊர். அதனால் அந்த மரம்தான் ஊருக்கு நீதிமன்றம். திருட்டோ அடுத்தவன் பெண்டாட்டி விவகாரமோ, ஆளை அதில் கட்டுவார்கள். ஊர்த்தலைவர் எதிரில் உட்கார்ந்து ஒரு மபாச்சோ சுருட்டைப் பற்றவைப்பார். அது தீர்ந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். ஒரு சுருட்டு, அவ்வளவுதான் சட்டம். மனசு இளகின தலைவராக இருந்தால் பாதியிலேயே நமத்துப்போச்சு என்று தூக்கிப் போட்டுவிடுவார். அதை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

லிசார்தோ தலைவரான பிறகு அதில் ஒரே ஒருவனைத்தான் கட்டினார்கள். அப்னேர் கனாயோ. சான் ஹுவான் திருவிழா இரவில் ஊருக்குப் பொதுவான படகு மோட்டார் காணாமல் போயிற்று. படித்துறையில் காவலுக்குப் படுத்திருந்தவன் அப்னேர். அவன்தான் விற்றுவிட்டான் என்றான் லிசார்தோ. அந்த மோட்டாரைக் குடிபோதையில் எடுத்துக்கொண்டு போய், மிதந்து வந்த கட்டையில் மோதி, ஆற்றின் நடுவில் தொலைத்தவன் லிசார்தோ என்பது ஆற்றுக்கும் தனக்கும் மட்டுமே தெரியும் என்று அவன் நம்பியிருந்தான்.

அப்னேர் கத்தவில்லை. கத்தினால் ஒப்புக்கொள்வான் என்று லிசார்தோ காத்திருந்தான். முதல் சுருட்டு விரலைச் சுட்டது. ஊர் எழுந்து நின்றது, கயிற்றை அவிழ்க்க ஹிலாரியோ அடியெடுத்து வைத்தான். அப்போது லிசார்தோ அந்தத் துண்டு நெருப்பிலேயே இரண்டாவதைப் பற்றவைத்தான். அப்னேரின் மனைவி சோய்லா, கைக்குழந்தையோடு, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மொட்டைத் தரைக்குள் ஓடினாள். அப்போதுதான் அப்னேர் வாயைத் திறந்தான். கண் இருந்த இடம் தெரியாத முகம், உதடு வீங்கிப் பாதிப் பேச்சு.

"சோய்லா, கிட்ட வராத. புள்ளையக் கிட்ட கொண்டாராத."

அவள் நின்றாள். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. பொழுது சாய்வதற்குள் செத்துப்போனான். பிறகு அந்த மரத்தைத்தான் லிசார்தோ வெட்டித் தன் புது வீட்டுக்கு ஆறு தூணாக்கினான்.

தளிரைக் கிள்ளிய மறுநாள் ஆறு தூண்களிலும் தளிர் இருந்தது. கிள்ளிய இடத்தில் இரண்டு. தரை மட்டத்துக்கு மேலே ஆளுயரத்தில் பலகை போட்ட வீடு. கீழே இறங்கி நின்று லிசார்தோ தூணில் காதை வைத்தான். உள்ளே காய்ந்த சருகின் மேல் தூறல் விழுவதுபோல ஒரு சத்தம், வெகு தூரத்தில் தொடங்கி மெல்ல நெருங்கி, அவன் காது இருந்த இடத்துக்கு நேர் எதிரே வந்து, நின்றது. அவனும் மூச்சை அடக்கினான். பிறகு கன்னத்தில் ஏதோ ஊர்ந்தது.

அவன் துள்ளி விலகவில்லை. விலக நேரமில்லை. கழுத்து, மார்பு, அக்குள் என்று நூறு நூறாக ஏறிவிட்டன. கண்ணை இறுக்கிக்கொண்டு முதல் கடிக்காகக் காத்திருந்தான். கடி வரவில்லை. மீசை மயிரைத் தொட்டுப் பார்த்தன, இமையைத் தொட்டுப் பார்த்தன, வந்த வழியே திரும்பிப் போய்விட்டன. லிசார்தோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெட்டிச் சாய்த்தவனுக்கு எறும்புகூட மரியாதை கொடுக்கிறது என்று அன்றைக்கு மசாத்தோ என்னும் மரவள்ளிக் கள் குடிக்கும் இடத்தில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டான். அவர்கள் குனிந்து கள்ளைக் குடித்தார்கள்.

புதன்கிழமை அவன் நாய் செத்துக் கிடந்தது. தூணில் காலைத் தூக்கியிருக்க வேண்டும். உதடு பிதுங்கி, உடம்பு இரண்டு பங்காக வீங்கி, வீட்டுக்கும் வாழைத்தோட்டத்துக்கும் நடுவில் கிடந்தது. அதைப் புதைக்க மண்வெட்டியோடு போனவன் அப்போதுதான் தரையைப் பார்த்தான். ஒதீலியா நட்டிருந்த மரவள்ளி, மிளகாய், வயிற்றுவலிக்கு வைத்திருந்த பச்சிலை எல்லாம் அடியோடு அறுபட்டுச் சாய்ந்திருந்தன. வாழைக் கன்றுகளின் குருத்து கருகியிருந்தது. வீட்டைச் சுற்றி ஒரு வட்டம். புல் இல்லை, சருகுகூட இல்லை. யாரோ விளக்குமாறு போட்டதுபோலச் சுத்தமாக இருந்தது.

வட்டத்துக்கு வெளியே சோய்லா நின்றிருந்தாள். முதுகில் துணித்தூளியில் குழந்தை தூங்கியது. அவள் கட்டைவிரல் அதன் பாதத்தை வருடிக்கொண்டே இருந்தது.

"தோன் லிசார்தோ, வீட்டம்மா என்னைக்கு வராங்க?"

"சனிக்கிழமை. உனக்கெதுக்கு?"

"சும்மா கேட்டேன். புள்ளைய நீங்க இன்னும் தூக்கவே இல்லையே."

இவ்வளவுதான் பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் அவன் திட்டி அனுப்பியிருப்பான். தோன் என்ற மரியாதையோடு, பக்கத்து வீட்டுக்காரி கேட்பதுபோலக் கேட்டாள். அவன் நாய்க்குக் குழி வெட்டத் தொடங்கினான்.

அன்று மாலை கோடரியை எடுத்தான். மூலைத்தூணில் ஓங்கி ஒரு போடு போட்டான். போட்டது தூணில், வலித்தது அவன் முழங்காலுக்குக் கீழே. கோடரியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தான். காலில் காயம் இல்லை, தோல் மட்டும் கோடுபோல வெளுத்திருந்தது. தூணில் பட்ட வெட்டிலிருந்து தண்ணீர் கசிந்தது. உள்ளேயிருந்து வந்த எறும்புகள் வெட்டைச் சுற்றிக் கூடின. அதேபோல ஒரு வரிசை அவன் காலுக்கும் வந்து, வெளுத்த கோட்டைச் சுற்றிக் கூடியது. பொறுமையாக, தாய் புண்ணைக் கழுவுவதுபோல, அவை அந்தக் கோட்டைச் சுத்தம் செய்தன.

வியாழக்கிழமை பசிக்கவில்லை. பொரித்த மீன் தொண்டைக்குள் இறங்க மறுத்தது. தண்ணீர் மட்டும் இறங்கியது, அதுவும் குடம் குடமாக. உச்சி வெயிலில் வட்டத்தின் நடுவில் போய் நின்றால் சுகமாக இருந்தது. எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்கே தெரியவில்லை. மணிக்கட்டு அரித்தது. சொறிந்து பார்த்தால் ஒரு துளை. குண்டூசி போகும் அளவு, விளிம்பு வழவழவென்று, ரத்தமே இல்லை. வலியும் இல்லை. வெயிலுக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தான். உள்ளே வெள்ளையாகச் செதில்பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தன, தங்கரானா மரத்தைப் பிளந்தால் உள்ளே இருக்குமே, அதே பூச்சிகள். எறும்புகள் அவற்றை வருடி, கசிந்த இனிப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தன. மாட்டுத் தொழுவத்தில் பால் கறப்பதுபோல நிதானமாக நடந்தது அந்த வேலை.

மார்பைத் தட்டிப் பார்த்தான். காலிக் குடம்போலச் சத்தம் கேட்டது.

அவன் ஆற்றை நோக்கி ஓடினான். தண்ணீரில் விழுந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்பதுதான் நினைப்பு. வட்டத்தைத் தாண்டி மூன்று எட்டு வைத்ததும் மூச்சு நின்றது. நாலாவதில் உள்ளங்காலிலிருந்து ஏதோ ஒவ்வொரு நரம்பாக அறுபட்டது. பிடுங்கிப் போட்ட செடி இப்படித்தான் உணருமோ என்னவோ. மண்ணைக் கடித்துக்கொண்டு ஊர்ந்து திரும்பினான். வட்டத்துக்குள் கை பட்டதும் மூச்சு வந்தது.

அந்தச் சமயம் பார்த்து வந்த ஹிலாரியோ, நண்பன் விழுந்து கிடக்கிறான் என்று ஓடிவந்து தோளைப் பிடித்துத் தூக்கினான். லிசார்தோ வேண்டாம் என்று சொல்வதற்குள் சட்டைக்கைக்குள்ளிருந்து அவை கொட்டின. மணிக்கட்டிலிருந்து, கழுத்திலிருந்து, காதுக்குப் பின்னாலிருந்து. ஹிலாரியோ அலறிக்கொண்டே படித்துறைவரை ஓடித் தண்ணீரில் குதித்தான். கையும் முகமும் வீங்கித்தான் கரையேறினான். அதோடு ஊரிலிருந்து ஒருவரும் வட்டத்தின் பக்கம் வரவில்லை.

லிசார்தோ ஏணியில் ஏறி நடுத்தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். உள்ளங்கை பலகையோடு ஒட்டிக்கொண்டது. பிறகு எழ முடியவில்லை. தூறல் சத்தம் தூணுக்குள் கேட்டதா தனக்குள் கேட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. யாரும் தொடாதவரை அவை தூங்கும். யாரும் தொடாமல் இருக்க வேண்டும். அழுதான். அழுத கண்ணீரை அவை வந்து குடித்துவிட்டுப் போயின.

சனிக்கிழமை விடிந்து, வெயில் ஏறியது.

சோய்லா வந்தாள். வட்டத்தின் விளிம்பில், படித்துறைப் பாதை வந்து சேரும் இடத்தில், கவிழ்த்துப் போட்டிருந்த பழைய ஓடத்தின்மேல் உட்கார்ந்தாள். குழந்தையைக் கொண்டுவரவில்லை. தூரத்தில் ஹிலாரியோவும் நாலைந்து பேரும் நின்றார்கள். முன்பு தண்டனை பார்க்க வந்தபோதும் அப்படித்தான் நின்றார்கள்.

"படகு வளைவு திரும்பிடுச்சு," என்றாள் சோய்லா. இந்த முறை தோன் இல்லை, மரியாதையும் இல்லை. "உன் பொண்டாட்டிய நான் பாதையிலேயே நிறுத்திடறேன். நிறுத்தறது ஒரு வார்த்தை. அதுக்கு முன்னாடி நீ ஒரு வார்த்தை சொல்லணும்."

"என்ன வார்த்தை?"

"உனக்கே தெரியும். இங்க நிக்கறவங்க காதுல விழற மாதிரி சொல்லு." மடியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்தாள். "ஒரு சுருட்டு நேரம் தரேன். அதானே சட்டம்."

தீக்குச்சி உரசியது. மபாச்சோவின் கனத்த புகை வட்டத்துக்குள் நகர்ந்து வந்தது. தூணில் சாய்ந்திருந்த முதுகுக்குள் எல்லாம் ஒரு தடவை அசைந்து அடங்கின.

லிசார்தோ யோசித்தான். சொல்லலாம். சொன்னால் ஹிலாரியோ கேட்பான். ஊர் கேட்கும். ஒதீலியா கேட்பாள். குழந்தை வளர்ந்து கொலைகாரன் மகள் என்று பேரெடுக்கும். அதற்குச் சொல்லாமலே இருந்துவிடலாம். அப்புறம் அவனுக்கு இன்னொன்றும் தோன்றியது. அந்த நினைப்பு சுகமாக இருந்ததால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். என்னை இவை கடிக்கவில்லையே. என் ரத்தத்தை மட்டும் ஏன் கடிக்கப் போகின்றன? அப்படியே என் மூக்கை உரித்து வைத்திருக்கிறதாம்.

வாயை மூடிக்கொண்டு அந்த நெருப்பைப் பார்த்தான். பாதி. பாதிக்கும் கீழே.

மோட்டார் சத்தம் படித்துறையில் நின்றது. ஒதீலியாவின் குரல். ஏன் எல்லாரும் இப்படி நிக்கறீங்க, எழவு வீடு மாதிரி, என்று யாரையோ கேட்டாள். பதில் வரவில்லை. பாதையில் செருப்புச் சத்தம். பிறகு மரங்களுக்கு நடுவில் அவளுடைய மஞ்சள் சட்டை. கையில் வெள்ளைத் துணிச்சுருள்.

சோய்லா சுருட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

ஒதீலியா வட்டத்துக்குள் கால் வைத்தாள்.

அவன் உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது. விரல் நுனிவரை. நாக்கின் அடிவரை. ஒவ்வொரு துளையின் வாயிலும் ஒரு தலை. காவல் எழுந்துவிட்டது. ரத்தமாவது உறவாவது, அவற்றுக்கு அதெல்லாம் தெரியாது. மரம், மரத்தைத் தொட வருவது. அவ்வளவுதான் தெரியும்.

"மோட்டார நாந்தான் தொலச்சேன்!" கத்தினான். "நாந்தான், சோய்லா! அப்னேர் எடுக்கல! நிறுத்து அவள!"

சோய்லாவின் விரலை நெருப்பு சுட்டது. அவள் அதைக் கீழே போடவில்லை.

"தெரியும்," என்றாள். "இங்க எல்லாருக்கும் தெரியும்."

மடியிலிருந்து இன்னொன்றை எடுத்து, அந்தத் துண்டு நெருப்பிலேயே பற்றவைத்தாள். காலை மடக்கிப் பாதையை விட்டு ஒதுங்கி உட்கார்ந்தாள்.

"மோட்டாராம்ல," ஒதீலியா சிரித்துக்கொண்டே ஏணிக்கு வந்தாள். "காலையிலேயே குடிச்சாச்சா? இத பாருடி, உங்கப்பன் லட்சணத்த."

முதல் படி. இரண்டாம் படி.

அவன் அசையப் பார்த்தான். முதுகு தூணைவிட்டு வரவில்லை. கன்னத்துக்குள் ஊர்ந்தது, இமைக்குள் ஊர்ந்தது. உதடு தடித்துவிட்டது. பேச்சு பாதிதான் வந்தது. அதுவும் அவன் குரலாக இல்லை.

"கிட்ட வராத. புள்ளையக் கிட்ட கொண்டாராத."

கீழே நின்றவர்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் குரலை அவர்கள் முன்பே கேட்டிருக்கிறார்கள்.

ஒதீலியா மேலே வந்துவிட்டாள். நடந்து வந்த மூச்சிரைப்பு. பால் வாடை. அவன் எதிரில் மண்டியிட்டுத் துணியை விலக்கினாள். குழந்தை விழித்திருந்தது. மூக்கு அவன் மூக்குதான். அது கையை நீட்டியது. ஐந்து விரலும் விரிந்த சின்னக் கை, அவன் கன்னத்தை நோக்கி.

கீழேயிருந்து புகை வந்தது. சோய்லா நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.